தக்காளியும் சம்பங்கியும்



தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் பெரும்பாலும் இரண்டு கடைகள் இருக்கும். ஒன்று காய்கறிக் கடை, மற்றொன்று பூக்கடை. வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டிலும் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். ஒரு கையில் ரசத்துக்குத் தக்காளி. மறு கையில் வேங்கடாசலபதி படத்துக்குச் சாத்துவதற்கு ஒரு முழம் சம்பங்கி. வடநாட்டுப் பூக்காரர் அதனை ரஜனீகந்தா என்பார், மராட்டியர் நிஷிகந்தா என்பர். இரவில் மணப்பது என்பதே இரண்டுக்கும் பொருள். தக்காளி அடுப்புக்குப் போகிறது, சம்பங்கி பூசையறைக்குப் போகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம்.

அந்தப் படத்தில் நிற்கும் பெருமானின் மலையடிவாரத்தில், சித்தூரிலும் திருப்பதியிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும், ஒரே உழவர் ஒரே கிணற்று நீரைப் பங்கிட்டு இவ்விரண்டையும் பயிரிடுகிறார். இந்தப் பாத்தியில் எதை வைப்பது, அந்தப் பாத்தியில் எதை வைப்பது என்னும் கேள்வியில் அவருடைய ஓராண்டு வாழ்வு அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்விரு பயிர்களுக்கும் வேண்டுவன யாவை, இவற்றால் ஆகும் பயன் யாது, இவற்றை வளர்ப்பவனுக்கு மிஞ்சுவது என்ன என்பனவற்றை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வேங்கடமலையைத் தமிழகத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது என்பது நாம் அறிந்ததே. எல்லையில் இருக்கும் நிலத்துக்கு உரிய இருமொழிப் பழக்கம் இன்றும் அங்கே உண்டு. சித்தூர்க் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தின் முற்பாதி தெலுங்கிலும் பிற்பாதி தமிழிலும் நடக்கக் கேட்கலாம். சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டு சித்தூர் ஜில்லா அமைந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மாவட்டங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தக்காளிக்குப் பெயர்போன மதனப்பள்ளியும் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து அப்போது பிரிந்தது. கோடுகள் மாறினாலும் மண் மாறவில்லை. இன்றைய பேச்சில் பழைய சித்தூர் ஜில்லா முழுவதையும் ஒரே வட்டாரமாகவே எடுத்துக்கொள்வோம்.

இந்த வட்டாரம் படிப்படியாக உயர்வது. திருப்பதி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்தூர் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். மேற்கே பலமநேர், மதனப்பள்ளி முதலிய ஊர்கள் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே திருப்பதியில் கோடை கொதிக்கும்போது மதனப்பள்ளியில் மூன்று பாகையேனும் குறைவாக இருக்கும், இரவில் காற்றும் உலர்ந்து வீசும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்றை அவ்வூர்ப் பக்கத்தில் ஆரோக்கியவரத்தில் நிறுவியதற்கு அந்தக் காற்றே காரணம். 1919ஆம் ஆண்டு இரவீந்திரநாத தாகூர் மதனப்பள்ளியில் தங்கியிருந்து தம் 'ஜன கண மன' பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நோயாளிக்கும் கவிஞருக்கும் ஒத்த அந்தக் குளிர்ச்சியே தக்காளிக்கும் ஒத்தது.

இனிப் பயிர்களுக்கு வருவோம். இரண்டும் இம்மண்ணுக்கு அந்நியமானவை. தக்காளியின் காட்டு முன்னோர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலைச் சேர்ந்தவை. அதனை நாட்டுப் பயிராக்கி உண்டவர்கள் மெக்சிகோ மக்கள். ஆங்கிலப் பெயரும் அவர்கள் மொழியிலிருந்தே பிறந்தது. சம்பங்கியும் மெக்சிகோவின் பிள்ளையே. ஸ்பானியர் மூலமாகப் பதினாறாம் நூற்றாண்டில் இரண்டும் ஐரோப்பாவை அடைந்து, பிறகு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன.

வந்தவற்றுக்கு நம்மவர்கள் பெயரிட்ட விதம் சுவையானது. மணத்தக்காளி, சிறுதக்காளி என நம் வேலியோரத்தில் ஏற்கெனவே சில செடிகள் இருந்தன. அவற்றை ஒத்திருந்த புதிய பழத்தைச் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவில் 'சீமை' உதிர்ந்து வந்தவனே வீட்டுக்காரனாகிவிட்டான். சம்பங்கியின் கதையும் அதுவே. மணத்துக்குப் பெயர்பெற்ற சம்பக மரம் நம்மிடம் இருந்தது. மரமின்றி நிலத்திலிருந்து நேரே தண்டுவிட்டு மணந்த புதிய பூவுக்கு நிலச்சம்பங்கி என்று பெயர் வைத்தனர். அங்கும் 'நிலம்' நழுவிவிட்டது. அயலூரில் குடியேறி அவ்வூர்ப் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டவை இவ்விரண்டும். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

தக்காளி கத்தரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. விதையை நாற்றங்காலில் இட்டு, ஏறக்குறைய 25 நாளில் நாற்றைப் பிடுங்கி நடுகிறார்கள். நட்ட 60 அல்லது 70 நாளில் முதல் பறிப்பு. பிறகு மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை பறிப்பு தொடரும். சில மாதங்களில் செடியின் ஆயுள் முடிந்துவிடும். செம்மண், நிறைந்த வெயில், அளவான ஈரம், இவையே அதற்கு வேண்டுவன. ஆனால் ஒன்றில் மட்டும் அது மிகவும் பிடிவாதமானது. இரவு வெப்பம் 15 முதல் 20 பாகைக்குள் இருந்தால்தான் நன்றாகக் காய்பிடிக்கும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் நீடித்தால் மகரந்தம் பழுதாகிப் பூ உதிர்ந்துவிடும். உறைபனி விழுந்தாலோ செடியே மடியும்.

மதனப்பள்ளியின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. கோடையில் நாட்டின் சமவெளிகளில் தக்காளிப் பூக்கள் உதிரும்போது இந்த மேட்டு நிலத்தில் காய்பிடிக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்டு வரையில் பல மாநிலங்கள் இவ்வட்டாரத்தையும் அண்டையிலுள்ள கோலார்ப் பகுதியையும் எதிர்பார்த்து நிற்கின்றன. தில்லியில் ஜூன் மாதத்தில் நாம் வாங்கும் தக்காளி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்ததாக இருக்கக்கூடும். அவ்வளவு தூரம் போக வேண்டிய பழத்தைச் சிவக்க விடுவதில்லை. நிறம் மாறத் தொடங்கும் வேளையிலேயே பறித்துவிடுவர். லாரியிலேயே அது பழுக்கிறது. ஊர்த் தக்காளியின் சுவை வராததேன் என்று நம் இல்லத்தார் குறைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

தக்காளிக்கு நீரும் ஒரே சீராக வேண்டும். காயவிட்டுப் பிறகு மிகுதியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும், அல்லது அடிப்பக்கம் கறுத்து அழுகும். மழை குறைந்த இவ்வட்டாரத்தில் ஏரிகள் வற்றியபின் ஆழ்குழாய்க் கிணறுகளே கதி. ஆதலால் சொட்டுநீர்க் குழாயும், ஈரம் காக்கும் நிலப்போர்வையும், செடியைத் தாங்கக் குச்சியும் கயிறும் வாங்கவேண்டும். வெள்ளை ஈ இலைச்சுருள் நோயைப் பரப்பும். 2014ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட ஊசிப்புழு இலையையும் பழத்தையும் துளைக்கும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மூன்று நோய்களைத் தாங்கும் அர்க்கா ரக்ஷக் என்னும் ரகத்தை அளித்துள்ளது. எனினும் விதை, உரம், குச்சி, மருந்து, கூலி என்று முதற்பழம் பறிக்கும்முன்பே பெருந்தொகை மண்ணுக்குள் போய்விடுகிறது. அத்தொகை பெரும்பாலும் கடனாக வாங்கியதாகவே இருக்கும்.

சம்பங்கியின் குணம் வேறு. அது ஆனைக்கற்றாழைக்கு உறவு. விதையில்லை, கிழங்கே விதை. ஹெக்டேருக்கு ஓர் இலட்சத்துக்கு மேல் கிழங்கு வேண்டியிருப்பதால் தொடக்கத்தில் செலவு உண்டு. ஆனால் ஒருமுறை நட்டால் மூன்று நான்கு மாதத்தில் பூக்கத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் வயலில் நிற்கும். தாய்க் கிழங்கு பக்கக் கிழங்குகளை ஈன்று அடுத்த நடவுக்கு விதையும் தந்துவிடும். 20 பாகையிலிருந்து 35 பாகை வரை வெப்பத்தை எளிதில் ஏற்கும். ஆகவே மேட்டு நிலத்தில் மட்டுமன்றி, தக்காளி தயங்கும் கீழ்நிலத்துச் சூட்டிலும் சம்பங்கி பூக்கும். சாமந்தியைப் போலப் பகற்பொழுது குறுகும் காலத்துக்கு அது காத்திருப்பதில்லை. வேரில் நீர் தேங்காமலும் நூற்புழு பற்றாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

காஷ்மீரத்திலும் இமயச்சாரலிலும் வாழும் நேயர்கள் வசந்தத்தில் ஐரிஸ் என்னும் ஊதாப்பூவைக் கண்டிருப்பார்கள். இலை வாள்போல் நிமிர்ந்து நிற்கும். காஷ்மீரத்தில் கல்லறைகளின்மேல் அதனை நட்டு வைப்பது வழக்கம். அந்த இனத்துக்கு, பூ அரும்பவேண்டுமானால் சில மாதக் கடுங்குளிர் வேண்டும். ஆகவே அது திருப்பதிக்கு வராது. ஐரிசைக் குளிரே எழுப்புகிறது. தக்காளியைக் கடுங்குளிரும் கொல்லும், கடுவெயிலும் முடக்கும். சம்பங்கியோ வெயிலிலேயே வாழ்கிறது. மணத்திலும் இவ்விரு பூக்களுக்கும் வேற்றுமை உண்டு. ஐரிஸ் இனத்தில் சிலவற்றின் கிழங்கைத் தோண்டி உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பின்பே வாசனைத் திரவியம் எடுக்கிறார்கள். சம்பங்கியின் மணம் இதழிலேயே இருக்கிறது, அதுவும் ஓரிரவு மட்டுமே.

அந்த ஓரிரவுதான் உழவனுடைய தூக்கத்தைக் கெடுப்பது. மொக்கு விரியும்முன், கதிரவன் எழும்முன், பறித்தாகவேண்டும். இன்று பறிக்காத மொக்கு நாளை விற்பனைக்கு உதவாது. தக்காளி மூன்று நாளைக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிடுகிறது. சம்பங்கி மழையென்றும் பனியென்றும் பாராமல் நாள்தோறும் விடியற்காலையில் கூப்பிடுகிறது. அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் பெண்கள். வயலில் மொக்குப் பறித்துவிட்டு, பின்னர் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார்கள்.

பயன்களை நோக்குவோம். தக்காளியின் பயன் யாவும் உணவே. குழம்பு, ரசம், சட்னி, தொக்கு என்று அது நுழையாத அடுக்களை இன்று இல்லை. புளிப்பும் நிறமும் தருகிறது, உயிர்ச்சத்து சி தருகிறது. வேகவைத்தால் அதன் செந்நிறச் சத்து உடலில் எளிதாகச் சேர்கிறது என்பது அறிவியலார் கண்டது. சம்பங்கி வயிற்றை நிரப்பாது. மாலைக்கும் மணவறைக்கும் பூசைக்கும் உதிரிப்பூவாகப் போகிறது. நீண்ட காம்புடன் வெட்டினால் மேசைமீது வைக்கலாம். மிஞ்சும் பூவிலிருந்து வாசனைச் சாறு எடுத்து அயல்நாட்டு அத்தர்த் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். ஒன்று உடம்புக்கு, மற்றொன்று உள்ளத்துக்கு என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் திருமலைக்குப் போனால் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

வைணவ மரபில் திருவரங்கம் போகமண்டபம், காஞ்சி தியாகமண்டபம், திருமலை புஷ்பமண்டபம். இராமாநுசரின் ஆணையை ஏற்று மலையேறி நந்தவனம் அமைத்தவர் அனந்தாழ்வான். அவர் ஏரி வெட்டியபோது சிறுவனாக வந்து உதவிய பெருமானின் மோவாயில் கடப்பாரை பட்டதென்றும், அதனாலேயே இன்றும் அங்கே பச்சைக் கற்பூரம் சாத்துவதென்றும் ஐதீகம். அந்தக் கடப்பாரையைக் கோயில் வாயிலில் காணலாம். மலையிலுள்ள பூவெல்லாம் பெருமானுக்கே என்பதால் அங்கே செல்லும் பெண்கள் பூச்சூடுவதில்லை. மாலை தொடுக்கும் அறைக்கு யமுனைத்துறை என்று பெயர். நாள்தோறும் மாலை சாத்தும் சேவையைத் தோமாலை சேவை என்கிறார்கள். தொடுத்த மாலை என்னும் தமிழே அவ்வாறு திரிந்தது என்பர், தோள்மாலை என்பாரும் உளர். புரட்டாசிப் பிரமோற்சவத்தில் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருகிறது. கார்த்திகைத் திருவோணத்தன்று நடக்கும் புஷ்பயாகத்துக்குத் தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் டன் கணக்கில் பூக்கள் குவிகின்றன. அவற்றில் மரச்சம்பங்கியும் உண்டு, மெக்சிகோவிலிருந்து வந்த நிலச்சம்பங்கியும் உண்டு.

தக்காளியின் நிலை என்ன? பழைய முறை பிறழாத கோயில் மடைப்பள்ளிகளில் தக்காளியைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. புளிப்பு வேண்டுமானால் புளியே. பல வீடுகளில் திதி நாளிலும் அதற்கு இடமில்லை. ஒரே நாட்டிலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த இருவரில் ஒருவர் கருவறைவரை சென்றார், மற்றவர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டார். ஆயினும் அதே திருமலையில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டம் இன்று தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரால் அமைந்த பெருங்கூடத்தில் நடைபெறுகிறது. கொடையாளர் அனுப்பும் காய்கறி வண்டிகளில் தக்காளியும் மலையேறுகிறது. பெருமானின் தோளுக்குச் சம்பங்கி, அடியாரின் இலைக்குத் தக்காளி. எது உயர்ந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. பசித்து வந்தவனுக்கு இலையும் ஒரு சன்னிதியே.

இவ்வளவும் நுகர்வோர் பக்கம். உழவர் பக்கத்துக்கு வருவோம். மதனப்பள்ளிச் சந்தை நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. விடியற்காலையில் கிரேட்டுகள் மலைமலையாக அடுக்கப்பட்டிருக்கும். ஏலக்காரர் விலை கூவிக்கொண்டே நடப்பார். அவர் ஓர் அடுக்கைக் கடக்கும் சில நொடிகளில் நான்கு மாத உழைப்பின் விலை முடிவாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் அங்கே முதல்தரத் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டிற்று. மத்திய அரசு ஆந்திரம், கருநாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் தக்காளியைக் கொள்முதல் செய்து, ஜூலை 14 முதல் தில்லியில் கிலோ 90 ரூபாய்க்கு விற்கச் செய்தது. நேயர்களில் சிலர் அந்த வரிசையில் நின்றிருக்கலாம். அதே ஆண்டு செப்டம்பருக்குள் ஆந்திரச் சந்தைகள் சிலவற்றில் விலை பத்து ரூபாய்க்கும் கீழே சரிந்தது. வண்டிக்கூலிக்குக் கட்டுப்படாமல் பழத்தைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வெறும் வண்டியுடன் திரும்புவது அங்கே பலமுறை கண்ட காட்சி.

இதற்குக் காரணம் உழவரின் அறியாமை என்று சிலர் கூறுவர். அது சரியன்று. விலை ஏறிய செய்தி கேட்டதும் ஆயிரம் பேர் ஒரே வாரத்தில் நாற்று நடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் அளவில் அறிவோடுதான் நடக்கிறார். ஆனால் அறுபது எழுபது நாள் கழித்து அத்தனை பேரின் பழமும் ஒரே நாளில் சந்தைக்கு வருகிறது. பழமோ காத்திருக்காது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் நீர்தான். அந்த நீரே அதன் அழகு, அதுவே அதன் பகையும்.

சம்பங்கியும் காத்திருக்காதுதான். ஆனால் அதற்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. முகூர்த்த நாள் எது, திருவிழா எது, மங்கல காரியங்கள் குறையும் ஆடியும் மார்கழியும் எப்போது என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். விலை ஏறும், இறங்கும். ஆயினும் ஏறும் நாளும் இறங்கும் நாளும் பெரும்பாலும் சொல்லிவிட்டு வருகின்றன. நாள்தோறும் சிறுதொகை கைக்கு வருகிறது.

பலமநேர்ப் பக்கத்தில் அரை ஏக்கரில் சம்பங்கியும் இரண்டு ஏக்கரில் தக்காளியும் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் நாம் ஒருமுறை கேட்டோம்: "பெரியவரே, இரண்டில் எது மேல்?" அவர் வரப்பில் அமர்ந்து, நகக்கண்ணில் இருந்த தக்காளிக் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "சம்பங்கி அடுப்பெரிய வைக்கும் சாமி. தக்காளி பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கும், இல்லையானால் பெண்டாட்டி நகையை அடகு வைக்கும்." அப்படியானால் முழுவதும் சம்பங்கியே வைக்கலாமே என்றோம். "ஊரே பூ வைத்தால் ஊருக்குச் சோறு எங்கிருந்து வரும்? இரண்டரை ஏக்கரில் மொக்குப் பறிக்க விடியுமுன் நாற்பது கைக்கு எங்கே போவேன்?" என்றார். பயிர்நூல் பலவற்றைப் படித்தாலும் இவ்வளவு தெளிவாக இதனைக் கற்றிருக்க முடியாது.

பூவுக்கும் இடி விழுவதுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர் தரிசனம் நிறுத்தப்பட்டு, ஜூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது. நாடெங்கும் கோயில்கள் மூடின, திருமணங்கள் நின்றன. வயலில் சம்பங்கி வழக்கம்போல் மொக்குவிட்டது. வாங்குவோர் இல்லை. பறிக்காவிட்டால் செடி கெடும் என்று பறித்து வரப்பில் கொட்டினார்கள். தக்காளியும் அந்த நாட்களில் நல்ல விலைக்குப் போகவில்லை. எனினும் உண்பவர் இருந்தனர். பூ நம்பியிருப்பது கூட்டத்தை, தக்காளி நம்பியிருப்பது பசியை. இரண்டையும் அருகருகே வைத்திருந்த அந்த முதியவரின் அறிவு இங்கே நமக்குப் புலனாகிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. திருமலையில் சாத்திக் களைந்த மாலைகளை அடியார்க்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. முற்காலத்தில் அவற்றைக் கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் இடுவர். 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் களைந்த பூக்களைக் கொண்டு ஊதுவத்தி செய்வித்து, ஏழுமலைகளை நினைவூட்டும் ஏழு வகைகளாக விற்கத் தொடங்கியது. ஒருநாள் வாழ்ந்து வாடிய பூவுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. சாலையோரத்தில் கொட்டப்படும் தக்காளிக்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு போதிய அளவில் இன்னும் வாய்க்கவில்லை. அது வாய்க்கவேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. சித்தூர் வட்டாரத்தில் மாம்பழக் கூழ் ஆலைகள் பல உள்ளன. ஆனால் சந்தைக்காகப் பயிரிடும் தக்காளி தடித்த தோலும் மிகுந்த நீரும் உடையது. நெடும்பயணத்தைத் தாங்கும், ஆனால் காய்ச்சினால் மிஞ்சுவது குறைவு. ஒரு கிலோ கெட்டிக்கூழுக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். ஆலைக்கென்றே சதைப்பற்று மிக்க ரகங்களைத் தனியே பயிரிட்டு, விதைக்கும்போதே விலை பேசிக்கொண்டால்தான் உழவருக்கும் ஆலைக்கும் கட்டும். 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றுக்காக 500 கோடி ரூபாயில் மத்திய அரசு அறிவித்த பசுமைத் திட்டம் இந்நோக்கம் கொண்டதே. சித்தூர்ப் பகுதியும் அதில் சேர்ந்தது. நோக்கம் நன்று. அது ஏலச் சந்தையின் வாயில்வரை முழுமையாக வந்து சேரவேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் நடாமல் கிராமத்துக்குக் கிராமம் வாரம் மாற்றி நடுவதும், உலர்த்தும் கூடங்களை ஊர்தோறும் அமைப்பதும், குளிர்ச் சேமிப்பும் உடன் வேண்டும். சுருங்கச் சொன்னால், சம்பங்கிக்கு இருக்கும் பஞ்சாங்கம் தக்காளிக்கும் வேண்டும்.

நெடுந்தொலைவில் இருக்கும் நம்மால் ஆவது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சிறிதும் இல்லாமல் இல்லை. விலை மலிந்த வாரத்தில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்காகவோ ஊறுகாயாகவோ செய்து வைக்கலாம். நம் பாட்டிமார் மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் செய்தது அதுவே. விலை ஏறிய வாரத்தில் உழவன் கொள்ளையடிக்கிறான் என்று கடையில் நின்று சொல்லுமுன், கொட்டிவிட்டுத் திரும்பிய வெறும் வண்டியை ஒருகணம் நினைக்கலாம். முழம் சம்பங்கிக்குப் பேரம் பேசும்போது, விடியுமுன் வரப்பில் குனிந்து நின்ற பெண்ணையும் நினைக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலையில் நேயர்கள் இரு கைகளிலும் பொருளோடு வீடு திரும்புவார்கள். படத்துக்குப் பூச்சாத்திவிட்டு அடுக்களைக்குப் போய் ரசத்துக்குத் தக்காளியைக் கரைக்கும்போது, இரண்டும் ஒரே கிணற்று நீர் என்பது நினைவிருந்தால் போதும்.